பிறப்பியலும் பேச்சறைகளும்

எழுத்ததிகாரத்துள் எந்தப் பகுதியை விரும்பிக் கற்பிக்கின்றீர் என்று தமிழாசிரியரைக் கேட்டால், புணர்ச்சி என்பார் சிலர். சார்பெழுத்து என்பார் சிலர். பிறப்பியல் என்று விடை கூறுவார் அரியர். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் அதனை மனப்பாடம் செய்கின்றோம், தேர்வில் எழுதுகின்றோம், அதன்பின் ஏட்டை மூடிவிடுகின்றோம். மனித உடம்பின் ஓர் உறுப்புத் தொகுதி எவ்வாறு தொழிற்படுகின்றது என்று தமிழில் எழுதப்பெற்ற மிகப் பழைய குறிப்புக்களுள் அதுவும் ஒன்று என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அதனை எழுதியவர் அறுவைக் கத்தி எடுத்துத் தொண்டையைப் பிளந்து பார்த்தவர் அல்லர். தம் வாயையே கருவியாகக் கொண்டு, நா எங்கே படுகின்றது, காற்று எவ்வழி செல்கின்றது என்று உணர்ந்து உணர்ந்து எழுதினார். பிற்காலத்தார் கண்ணாடியும் எக்ஸ் கதிரும் காந்தப் படமும் கொண்டு அதே வாயைக் கண்டனர். தொட்டறிந்தாரும் கண்டறிந்தாரும் எங்கே ஒன்றுபடுகின்றனர், எங்கே வேறுபடுகின்றனர் என்பதையும், அதனால் வகுப்பில் நிற்கும் ஆசிரியர்க்கு வரும் பயன் யாது என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

எண்வகை இடங்கள்

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயல் பிறப்பியல். நூலின் காலம் பற்றி அறிஞரிடையே ஒருமித்த முடிவு இல்லை. கிறித்துவுக்கு முற்பட்டது என்பாரும் உளர், பிற்பட்டது என்பாரும் உளர். அவ்விவாதம் நமக்கு இப்போது வேண்டுவதன்று. உந்தியிலிருந்து எழும் காற்று, தலை, மிடறு, நெஞ்சு ஆகிய மூன்றிடத்தும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய ஐந்தனோடும் கூடி, உறுப்புக்கள் ஒன்றோடொன்று பொருந்துமாற்றால் வெவ்வேறு எழுத்தாகின்றது என்பது ஆசிரியர் கூறும் முறை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்ட நன்னூல் செய்த பவணந்தியார் இவ்வெட்டனையும் வேறு வகையாகப் பிரித்தார். நெஞ்சு, கழுத்து, உச்சி, மூக்கு நான்கும் காற்றுச் சென்று பொருந்தும் இடங்கள். இதழ், நா, பல், அண்ணம் நான்கும் தொழில் செய்யும் உறுப்புக்கள். காற்றுக்கு ஒலி தரும் பகுதி ஒன்று, அவ்வொலிக்கு வடிவு தரும் பகுதி மற்றொன்று என்று இக்கால ஒலியியலார் பிரிப்பர். நன்னூலாரின் பாகுபாடு முற்றும் அதுவே என்று கூற இயலாது. ஆயினும் இடத்தையும் முயற்சியையும் பிரித்து நோக்க வேண்டும் என்னும் தெளிவு அவரிடம் இருந்தது.

இவ்வெட்டிடக் கணக்குத் தமிழுக்கு மட்டும் உரியதன்று. பாணினீய சிட்சை என்னும் வடநூலும் ஏறத்தாழ இதே எட்டினைச் சொல்கின்றது. இந்திய நாட்டில் ஒலியாராய்ச்சி பல மொழியாரும் கலந்து வளர்த்த பொதுச் செல்வம். அச்செல்வம் பின்னர் மேனாட்டுக்கும் சென்றது. இந்திய இலக்கண நூலாரும் ஒலிநூலாரும் இல்லையேல் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில ஒலியியலை எண்ணிப் பார்ப்பதே அரிது என்னும் கருத்தை இலண்டன் பேராசிரியர் ஃபர்த் 1946-இல் வெளியிட்டார்.

நெடுங்கணக்கு ஒரு வரைபடம்

பள்ளிச் சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையை ஒருமுறை வாயால் நடந்து பாருங்கள். க, ங என்னும்போது நாவின் அடி அண்ணத்தின் அடியைப் பொருந்துகின்றது. ச, ஞ என்னும்போது நடுநா நடு அண்ணத்தை அடைகின்றது. ட, ண என்னும்போது நாவின் நுனி அண்ணத்தின் நுனிக்கு ஏறுகின்றது. த, ந என்னும்போது நா மேற்பல்லின் அடியில் பரந்து ஒற்றுகின்றது. ப, ம என்னும்போது நா வாளா கிடக்க, இதழ்கள் இயைகின்றன. தொண்டையருகிலிருந்து இதழ்வரை ஒரு நேர் பயணம்! இந்த ஐந்து இணைகளின் வரிசை வாயின் வரைபடமேயாகும்.

ஆங்கில நெடுங்கணக்கில் ஏ, பி, சி என்னும் வரிசைக்கு இத்தகைய காரணம் காட்ட இயலாது. நம் பிள்ளைகளோ காரணமுள்ள வரிசையை நாள்தோறும் ஓதுகின்றனர். அக்காரணத்தை நாம் அவர்க்குச் சொல்வதில்லை.

மூக்கறை

பேச்சுக்குரிய அறைகள் மூன்று. குரல்வளைக்கு மேலே நாவின் அடிப்புறம் வரை உள்ளது தொண்டையறை. அங்கிருந்து இதழ்வரை வாயறை. அண்ணத்தின் மேலே, நாசித் துளைவரை மூக்கறை. வாயறைக்கும் மூக்கறைக்கும் இடையே கூரை போன்றது அண்ணம். அதன் முற்பகுதி எலும்பு, பிற்பகுதி தசை. தசையாலாகிய அம்மெல்லண்ணத்தின் முடிவில் தொங்குவதே உள்நாக்கு. மெல்லண்ணம் எழுந்து பின்சுவரை அடைத்தால் காற்று மூக்கினுள் செல்லாது. தாழ்ந்தால் மூக்கின் வழி திறக்கும்.

க-ங, ப-ம போன்ற இணைகளை நோக்கினால், ஒவ்வொரு வல்லெழுத்துக்கும் அருகே அதே இடத்தில் பிறக்கும் மெல்லெழுத்து நிற்கின்றது. மெல்லெழுத்து ஆறும் தத்தம் இணையெழுத்தின் இடத்திலேயே பிறப்பினும், மூக்கின் வளியால் ஒலிக்கும் என்று தொல்காப்பியர் தனியே ஒரு விதி செய்தார். வாயில் நிகழும் தொழில் ஒன்று, மூக்கில் நிகழும் தொழில் மற்றொன்று, இரண்டும் ஒரே எழுத்தில் கூடுகின்றன என்று கண்ட நுண்மை பாராட்டத்தக்கது.

இதனைப் பிள்ளைகட்கு விளக்க இரண்டு சொற்கள் போதும்: அப்பா, அம்மா. இரண்டிலும் இதழ் செய்யும் தொழில் ஒன்றே. வேறுபாடு மூக்கில் உள்ளது. மூக்கை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு அம்மா என்று சொல்லச் செய்தால், அச்சொல் அப்பாவின் பக்கம் சாய்வதைக் கேட்டு வகுப்பே நகைக்கும். கம்போங் ராஜா போன்ற மலைப்பகுதியில் குளிர்ந்த காலையில் சளி பிடித்து வரும் பிள்ளை, விரலின் உதவியின்றியே இப்பாடத்தை நடத்திக் காட்டிவிடுகின்றது.

1791-இல் வியன்னா அரசவை அலுவலர் கெம்பெலன் என்பார் பேசும் பொறி ஒன்றைப் பற்றி நூல் எழுதினார். துருத்தி அதற்கு நுரையீரல். அதிரும் நாக்குத் தகடு குரல்வளை. கையால் மூடித் திறக்கும் புனல் வாய். இரண்டு சிறு துளைகள் மூக்கு. ஐரோப்பியப் பிள்ளைகள் தாயையும் தந்தையையும் அழைக்கும் 'மாமா', 'பாப்பா' என்னும் சொற்களை அப்பொறி ஒலித்தது. மூக்குத் துளைகள் இல்லையேல் தாயை அழைத்திருக்க இயலாது.

மிடறு

பன்னிரண்டு உயிரும் மிடற்றிலே பிறந்த வளியால் ஒலிப்பன என்பது தொல்காப்பியர் கருத்து. மிடற்றினுள் உள்ளது குரல்வளை. அதனுள் எதிரெதிரே அமைந்த இரு தசை மடிப்புக்கள் உள்ளன. 1741-இல் ஃபெரெய்ன் என்னும் பிரெஞ்சு மருத்துவ அறிஞர் அவற்றை யாழ் நரம்பு போன்றன எனக் கருதிக் குரல் நாண்கள் என்று பெயரிட்டார். உயிருள்ள மனிதன் பாடும்போது அவை தொழிற்படுவதை முறையாகக் கண்டு கூறியவர் மருத்துவர் அல்லர். மானுவேல் கார்சியா என்னும் இசையாசிரியர். 1854-இல் சிறு கண்ணாடி ஒன்றைத் தம் தொண்டையுட் செலுத்திக் கதிரவன் ஒளியால் கண்டார். மறு ஆண்டு இலண்டன் அரச கழகத்துக்கு அறிவித்தார். குரல் நாண்கள் ஆடவர்க்கு நொடிக்கு 100 முதல் 150 முறையும், பெண்டிர்க்கு ஏறத்தாழ 200 முறையும், சிறுவர்க்கு அதனினும் மிகுதியாகவும் அதிர்கின்றன.

வடமொழிப் பிராதிசாக்கிய நூலார், மிடறு திறந்திருக்கப் பிறக்கும் ஒலி, மூடியிருக்கப் பிறக்கும் ஒலி என்று இரண்டாகப் பிரித்தனர். தமிழ் நூலார் வல்லெழுத்தை அவ்வாறு பிரித்திலர். ஏன்? தமிழுக்கு அது வேண்டப்படவில்லை. ககரம் சொல்லின் முதலில் ஒருவகையாகவும், இரட்டித்தபோது அவ்வாறேயும், மெல்லெழுத்தை அடுத்து அதிர்வுடனும் ஒலிக்கும். எங்கே எவ்வாறு ஒலிக்கும் என்பதை இடமே முடிவு செய்துவிடுவதால், தனியெழுத்துத் தேவையில்லை.

இதற்கு மலாய் மொழியே சான்று பகர்கின்றது. தமிழ் வணிகர் வாயிலாகச் சென்ற சொற்களை மலாய் மக்கள் தம் செவியில் விழுந்தவாறே ஏற்றனர். கப்பல், கட்டில் என்னும் சொற்களில் இரட்டித்த வல்லெழுத்து அதிர்வின்றி மலாயில் நிற்கின்றது. கடை, முதல் என்னும் சொற்களில் தனித்து நின்ற டகரமும் தகரமும் அதிர்வொலியாக மாறிக் கெடாய், மோடால் என வழங்குகின்றன. நம் எழுத்து காட்டாத அதிர்வை மலாய்ச் சொல் பதிந்து வைத்திருக்கின்றது. தமிழும் மலாயும் ஆங்கிலமும் ஒரே நாளில் கற்கும் நம் பிள்ளைகட்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. தமிழில் ஓரெழுத்தாக எழுதும் இரண்டொலிகளை மற்ற இரு மொழிகளிலும் இரண்டெழுத்தாகப் பிரித்தெழுத வேண்டியிருப்பதால், அவர் தடுமாறுவது இயல்பே. அதனை அறியாமை என்று வைதல் முறையன்று, விளக்குதல் வேண்டும்.

உயிரொலியும் குழாயும்

உயிரெழுத்தில் நா எங்கும் முட்டி அடைப்பதில்லை. அறையின் வடிவு மாறுவதே ஒலி மாறக் காரணம். அ, ஆ இரண்டும் வாயை அங்காத்தலால் பிறக்கும். இ, ஈ, எ, ஏ, ஐ என்பன அங்காத்தலோடு மேற்பல்லின் அடியை நாவிளிம்பு பொருந்தப் பிறக்கும். உ, ஊ, ஒ, ஓ, ஔ என்பன இதழ் குவியப் பிறக்கும் என்று தொல்காப்பியர் மூன்றாக வகுத்தார். ஈ என்று நீட்டிச் சொல்லும்போது நாவின் இருபக்க விளிம்பும் மேற்பற்களின் உட்புறத்தைத் தொடுவதை எவரும் உணரலாம். செயற்கை அண்ணத் தகடு கொண்டு செய்த சோதனைகளும் இதனையே காட்டுகின்றன.

ஐரோப்பாவில் இவ்வாராய்ச்சி வேறு வழியில் வளர்ந்தது. 1779-இல் கிராட்சென்ஸ்டைன் என்பார் ஐந்து உயிரொலிக்கு ஐந்து வடிவக் குழாய்கள் செய்து, புனித பீட்டர்ஸ்பர்க் கல்விக்கழகத்தின் பரிசைப் பெற்றார். 1863-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் ஒலியுணர்ச்சி நூலில் வாயறையை எதிரொலிக்கும் கலமாகக் கொண்டு விளக்கினார். 1941-இல் சிபா, கஜியாமா என்னும் சப்பானியர் இருவர் உயிரொலி பற்றி விரிநூல் செய்தனர். 1960-இல் சுவீடன் நாட்டு குன்னர் ஃபான்ட், ருசிய மொழி பேசும் ஒருவரின் எக்ஸ் கதிர்ப் படங்களைக் கொண்டு, அறையின் வடிவை அளந்தால் ஒலியைக் கணக்கிடலாம் என்று நிலைநாட்டினார்.

அக்கணக்கின் அடிப்படை எளியது. வளர்ந்த ஆடவர்க்குக் குரல் நாணிலிருந்து இதழ்வரை உள்ள வழி ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். அதனை ஒருபுறம் மூடிய நேரான குழாயாகக் கொண்டால், நொடிக்கு 500, 1500, 2500 அதிர்வு அளவிலே அது வலுவாக எதிரொலிக்கும். நா உயர்ந்தாலும் தாழ்ந்தாலும், இதழ் குவிந்தாலும் விரிந்தாலும் இவ்வெண்கள் இடம் பெயரும். அப்பெயர்ச்சியையே நாம் ஆ என்றும் ஈ என்றும் ஊ என்றும் கேட்கின்றோம். குழந்தையின் குழாய் குறுகியது, எண்கள் மிகும். ஆயினும் ஆறு வயதுப் பிள்ளை சொல்லும் ஆவையும் அறுபது வயதுப் பாட்டன் சொல்லும் ஆவையும் ஒன்றென்றே செவி கொள்கின்றது. வடிவின் ஒப்புமையை அது கண்டுகொள்கின்றது போலும்.

ழகரமும் அதன் அயலாரும்

இனி, தமிழின் தனிச்சிறப்பு என்று மேடைதோறும் பேசப்படும் ழகரத்துக்கு வருவோம். நெடுங்கணக்கின் முடிவில் ழ, ள, ற, ன நான்கும் ஒருங்கே நிற்பது தற்செயலன்று. பிராமி எழுத்தைத் தமிழுக்கு ஏற்றபோது இவ்வொலிகட்கு எழுத்தில்லாமையால் புதிய வடிவங்கள் அமைக்கப்பட்டன என்பதை ஐராவதம் மகாதேவன் 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில் விளக்கியுள்ளார். மதுரையை அடுத்த மாங்குளத்துக் கல்வெட்டுக்களில் நெடுஞ்செழியன் பெயர் ழகரத்தோடு வெட்டப்பட்டுள்ளது. அவற்றைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டினவாக அவர் கணித்தார். ஒலி வேறு என்று உணர்ந்தமையாலன்றோ கல்லில் வேறு எழுத்து வெட்டினர்!

தொல்காப்பியர் இவ்வொலிகளை மூன்று இணைகளாக்கினார். ற, ன: நாநுனி மேல்நோக்கி உயர்ந்து அண்ணத்தை ஒற்றுதல். ர, ழ: நாநுனி உயர்ந்து அண்ணத்தை வருடுதல். ல, ள: நாவிளிம்பு தடித்து மேற்பல்லின் அடியை அண்ணத்தோடு பொருந்த, லகரம் ஒற்றியும் ளகரம் வருடியும் வருதல். ஒற்றுதல், வருடுதல் என்னும் இரு சொல்லில் எத்துணைப் பொருள் அடங்கியுள்ளது! முத்திரை ஒற்றுவது வேறு; கன்றின் முதுகை வருடுவது வேறு.

றகரம் னகரத்தோடு இணைந்து நிற்பது ஒரு வரலாற்றுச் சான்று. றகரம் அக்காலத்து முழுமையாக அடைத்தொலிக்கும் வல்லெழுத்தாக இருந்தமையாலேயே 'ஒற்றுதல்' என்றார். யாழ்ப்பாணத்தார் 'காற்று' என்னும்போதும் மலையாள மொழியிலும் இவ்வொலியின் சாயலை இன்றும் கேட்கலாம். தோட்டத்து வழக்கில் அது 'காத்து' ஆகிவிட்டது.

ழகரமோ அயலார் செவிக்குள் அடங்காததாயிற்று. மாம்பழம் மலாயில் மெம்பெலாம் ஆயிற்று. சோழமண்டலம் ஐரோப்பியர் வாயில் கோரமண்டல் ஆயிற்று. ஒருவர் லகரமாகக் கேட்டார்; மற்றவர் ரகரமாகக் கேட்டார். இரண்டிற்கும் இடைப்பட்ட ஒலி என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

1847-இல் மழவை மகாலிங்கையர் எழுத்ததிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டார். 1856-இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில், ட, ண போன்ற நாமடி ஒலிகள் திராவிட மொழிகட்கு இயல்பாக உரியன என்றும், வடமொழி அவற்றைத் திராவிடத்திலிருந்து பெற்றது என்றும் வாதிட்டார். அவ்வாதம் இன்றும் முடிந்தபாடில்லை. 1934-இல் முன்னர்க் கூறிய ஃபர்த், ஆர்டன் இலக்கணத்துக்குப் பிற்சேர்க்கையாகத் தமிழ் உச்சரிப்புச் சுருக்கம் ஒன்று வரைந்தார். 1999-இல் நாராயணன், பேர்டு, கான் என்னும் மூவர் அமெரிக்க ஒலியியற் கழக இதழில் ர, ற, ல, ள, ழ ஐந்தனையும் பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படம், அண்ணத் தகடு, நாவின் அசைவை அளக்கும் கருவி ஆகிய மூன்றும் அவர்க்குத் துணையாயின. இத்துணை அருகருகே இத்துணை ஒலிகளை வேறுபடுத்தும் மொழி உலகில் அரிது என்பதே அவர் இதனைத் தேர்ந்ததன் காரணம்.

கூறியதும் கூறாததும்

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். எல்லாம் தொல்காப்பியத்திலே உண்டு என்று முழங்குவது நூலாசிரியருக்குப் பெருமையன்று. குரல் நாண்களை அவர் கூறவில்லை. மெல்லண்ணம் மூக்கை அடைப்பதும் திறப்பதும் கூறவில்லை. ல, ள ஒலிக்கும்போது காற்று நாவின் பக்கவழியே கழிவதைக் கூறவில்லை. விளிம்பைச் சுட்டியதோடு நின்றார். காற்று உந்தியில் தோன்றுவதன்று, நுரையீரலில் உள்ளது, வயிற்றின் அசைவே அவ்வுணர்ச்சியைத் தருகின்றது. தலை ஒரு பிறப்பிடம் என்பதையும் இக்கால ஒலியியல் அவ்வாறே ஏற்பதில்லை. மேனாட்டார் 'மூர்த்தன்யம்' என்னும் வடசொல்லை மூளையொலி என்று பொருள்படப் பெயர்த்து நெடுங்காலம் மயங்கினர். இன்று நாமடி ஒலி என்றே வழங்குகின்றனர்.

தம் எல்லையை ஆசிரியரே வரைந்துள்ளார். உள்ளே எழும் வளியின் அளவு மறைநூலார்க்கு உரியது. தாம் கூறுவது வெளியே கேட்கும் ஒலியின் இலக்கணமே என்று இயலின் முடிவில் உரைக்கின்றார். அறிந்த அளவே கூறி அமைவது ஆராய்ச்சியாளர்க்கு அழகு. அவ்வழகை விட்டுவிட்டு, அவர் கூறாதவற்றையும் அவர் தலையிற் சுமத்துவானேன்?

வகுப்பறையில்

வலி, வளி, வழி என்னும் மூன்று சொற்களையும் கரும்பலகையில் எழுதிப் படிக்கச் சொன்னால், பல பிள்ளைகள் மூன்றையும் ஒன்றாகவே படிக்கின்றனர். தோட்டத்திலும் நகரத்திலும், இங்கும் தமிழகத்திலும் இதே நிலை. நாம் செய்வதென்ன? உரக்கச் சொல்லிக் காட்டுகின்றோம், மீண்டும் சொல் என்கின்றோம், பிழைத்தால் சினக்கின்றோம். செவி ஒன்றெனக் கேட்டதை வாய் எவ்வாறு மூன்றாகச் சொல்லும்? வீட்டில் கேளாத ஒலியைச் செவிவழி மட்டும் புகட்ட முயல்வது பயன் தராது. நாவின் வழியே புகட்ட வேண்டும்.

லகரத்துக்கு நாநுனி மேற்பல்லின் அடியில் ஒற்றட்டும். ளகரத்துக்கு நாநுனி பின்னே வளைந்து அண்ணத்தைத் தொடட்டும். ழகரத்துக்கு முதலில் 'அ' என்று நீட்டச் செய்து, குரலை நிறுத்தாமலே நாநுனியை மேலே வளைத்துப் பின்னிழுக்கச் சொல்லுங்கள். அண்ணத்தை அணுக வேண்டும், முட்டலாகாது. முட்டினால் ளகரம், முட்டாது நின்றால் ழகரம். இதற்குக் கருவி ஏதும் வேண்டா. மெல்லெழுத்துக்கு மட்டும் கையளவு கண்ணாடி ஒன்று கொணரலாம். மூக்கின் கீழே பிடித்து 'ம்' என்று நீட்டினால் குளிர்ந்த கண்ணாடியில் ஆவி படியும். 'ஈ' என்று நீட்டினால் படியாது. கழுத்தில் விரல் வைத்தால் எந்த எழுத்தில் அதிர்வு உண்டு, எதில் இல்லை என்பது கையிலேயே தெரியும். பாற்பல் விழுந்த ஏழு வயதுப் பிள்ளைக்குத் தகரம் வழுவினால் பல் முளைக்கும்வரை பொறுக்க வேண்டும் என்பதும் இவ்வறிவால் வரும் இரக்கமே. பல் நிறைந்த பின்னும், மூக்கடைப்பு நீங்கிய பின்னும் வழு நீங்காதாயின், செவியையும் அண்ணத்தையும் மருத்துவர்க்குக் காட்டுதல் நலம்.

ழகரம் வாழ்க என்று மேடையில் முழங்குவதால் அவ்வொலி வாழ்ந்துவிடாது. அண்ணத்தின் கீழே, நாவின் நுனியில், ஒரு நூலளவு இடைவெளியில் அது உயிர்வாழ்கின்றது. அவ்விடைவெளி எங்கே என்று பிள்ளைக்குக் காட்டவல்லவர் தொடக்கப்பள்ளி ஆசிரியர். அதனைக் காட்டும் முறையைப் பிறப்பியல் நமக்கு எழுதி வைத்திருக்கின்றது. நாளை முதல் வகுப்பில் எழுத்துப் பலகையின் முன் நிற்கும்போது, ககரத்திலிருந்து மகரம்வரை பிள்ளைகளோடு ஒருமுறை வாயால் நடந்து பாருங்கள். மனப்பாடச் செய்யுளாய் இருந்த இயல், அவர் வாயிலேயே பாடமாகும்.